நேர்ந்துகொண்டது அம்மா, ஏறப்போவது யார்?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயதில் டெங்கு வந்து ஐசியூவில் இருந்தபோது, அவன் பிழைத்துவிட்டால் திருமலைக்கு நடந்தே ஏறி வந்து சேவிப்பதாக என் அம்மா வேண்டிக்கொண்டார். இப்போது அவனுக்குப் பத்து வயது. எங்கள் குடும்பத்தில் யாருமே இதுவரை திருமலைக்குப் போனதில்லை. அம்மாவுக்கு வயது 68. பதினான்கு வருடமாகச் சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. வலது முட்டி வலிக்கிறது. பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்கிறார். ஆனாலும் ஏறியே தீருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். நான், கணவர், மகன், அம்மா என நான்கு பேரும் போவதாகத் திட்டம். அம்மாவை ஏறவிடலாமா? வரிசையில் எப்படிச் சமாளிப்பது? எந்த மாதம் போகலாம்? எனக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை எடுக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முட்டி வலி இருக்கிறது, வயது இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. ஆனால் என்னை நிறுத்திய வரி வேறு: "பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது." நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பொது மருத்துவனாக நான் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன், புரட்டாசி முடிந்த வாரத்தில், ஒருவர் காய்ச்சல் என்று என்னிடம் வந்தார். ஐம்பதுகளின் கடைசியில் இருப்பார். சர்க்கரை நோயாளி. தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்தேன், காய்ச்சலுக்குக் காரணம் தெரியவில்லை. காலில் சாக்ஸ் போட்டிருந்தார். கழற்றச் சொன்னேன். சாக்ஸின் நுனி ஈரமாகப் பாதத்தோடு ஒட்டியிருந்தது. மெதுவாக உரித்தபோது, கட்டைவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் போய்ச் சிவந்த சதை தெரிந்தது. ஐந்து நாள் முன்பு மதிய வெயிலில் வெறுங்காலோடு கல்படியில் ஏறியிருக்கிறார். "எப்போ ஆச்சுன்னே தெரியல டாக்டர். வலிக்கவே இல்லையே" என்றார். வலித்திருந்தால் அன்றைக்கே நிழலில் உட்கார்ந்திருப்பார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது. விரலை எடுக்காமல் தப்பித்தார்.

நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்குக் கால் நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகும். சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது, கொப்புளம் போட்டால் தெரியாது. எனவே பயணத் தேதியை யோசிப்பதற்கு முன்னால் அம்மாவை அழைத்துப்போய்ப் பாத உணர்ச்சியைப் பரிசோதியுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஏழெட்டு இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள், இசைக்கவையை அதிரவிட்டு எலும்பில் வைப்பார்கள். பத்து நிமிட வேலை. கூடவே மூன்று மாதச் சராசரி சர்க்கரை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், ஓர் ஈசிஜி. இதயத்துக்கு மேற்கொண்டு சோதனை தேவையா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.

வீட்டிலேயே நீங்கள் செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. இரண்டு மாடிப் படிகளை அம்மா நிற்காமல், பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் நின்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுக்கினாலோ மலைப்படியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலியே இல்லாமல் போகலாம். திடீர் அசதி, குப்பென்ற வியர்வை, தாடை வலி, மேல்வயிற்றில் "கேஸ் மாதிரி" என்பார்கள். படி ஏறும்போது இவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏறினால் வியர்க்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறார்கள்.

திருப்பதி அடிவாரத்திலிருந்து திருமலைக்குப் படியேறும் அலிபிரி பாதை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். மொத்தம் சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள். ஒரு மாடிக்கு 20 படி என்று வைத்துக்கொண்டால் 175 மாடிக்கு மேல் வரும். திருமலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டர் போலத்தான், ஊட்டியில் பாதிகூட இல்லை. அதனால் காற்று குறைந்து மூச்சுத் திணறும் என்ற பயம் வேண்டாம். மூச்சு வாங்குவது முழுக்கப் படியால்தான். அதிலும் முதல் 2,000 படிகள் சேர்ந்தாற்போல் செங்குத்து. அவை காலிகோபுரத்தில் முடியும். (தெலுங்கில் "காலி" என்ற சொல்லுக்குக் காற்று என்று பொருள். அங்கே போய் நின்றால் ஏன் அந்தப் பெயர் என்பது சட்டைக்குள் புகும் காற்றிலேயே தெரிந்துவிடும்.) அதற்கு அப்புறம் நெடுந்தூரம் சமதளமாக, மான் பூங்கா ஓரமாக நடை. எல்லோரும் ஏறி முடித்துவிட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் கடைசியாக ஒரு செங்குத்து வரும். நம் ஊர்க்காரர்கள் அதை முழங்கால் முறிச்சான் என்பார்கள். ராமானுஜர் மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் முழங்காலால் ஏறினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

ஸ்ரீவாரி மெட்டு என்று இன்னொரு பாதை ஸ்ரீநிவாச மங்காபுரத்துக்குப் பக்கத்திலிருந்து இருக்கிறது. 2,388 படிகள், தூரம் இரண்டு கிலோமீட்டரை ஒட்டித்தான். "இது சின்னது, அம்மாவுக்கு இது சரி" என்று யாராவது சொல்வார்கள். சின்னதுதான், ஆனால் இளைப்பாறச் சமதளம் குறைவு. முட்டி வலி உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

படிகளில் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அலிபிரியில் பெண்கள் ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சிலர் கற்பூரமும் ஏற்றி ஏறுவார்கள். அதிகாலையில் பார்த்தால் பாதை முழுக்க மஞ்சளாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனால் பனியோ தூறலோ பட்டால் அந்த மஞ்சளே வழுக்கும். மரத்த பாதத்துக்கு வழுக்குவதும் சூடான கற்பூரச் சாம்பலை மிதிப்பதும் தெரியாது. ஒருமுறை எனக்கு முன்னால் ஒரு பாட்டி அப்படித்தான் பொட்டு வைத்துக்கொண்டே போனார். நூறு படி தாண்டியதும் இடது கையை முட்டியில் ஊன்றித்தான் நிமிர முடிந்தது. அப்போதும் அடுத்த படிக்குக் குனிந்தார். அவரிடம் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரன் போலிருந்த பையனிடம் மட்டும், "பாட்டி கூடவே ஒரு படி கீழே நில்லுப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இதையெல்லாம் சொல்வது உங்கள் அம்மாவின் பக்தியை அளக்க அல்ல. நீங்கள் எழுதியிருக்கும் நிலைமையில், அதாவது மரத்த பாதம், வலிக்கும் முட்டி, 14 வருடச் சர்க்கரை, இந்த மூன்றும் சேர்ந்திருக்கும்போது, அவர் முழுப்பாதையும் ஏறுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பரிசோதனையில் நரம்பு நன்றாக இருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது என்று வந்தால், எட்டு வாரம் தினமும் நடந்து, படிப்படியாக மாடி ஏறிப் பழகிய பிறகு திரும்பப் பேசலாம். ஆனால் முட்டித் தேய்மானம் இருந்தால் அப்போதும் என் பதில் பெரிதாக மாறாது.

வேண்டுதலை மாற்றலாமா என்று சொல்ல நான் ஆள் இல்லை. அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமோ, ஊர்ப் பெருமாள் கோயில் பட்டரிடமோ கேளுங்கள். ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் நேர்ந்துகொண்டதை இன்னொருவர் செய்து முடிப்பது நம் குடும்பங்களில் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. எனக்குத் தோன்றுவது இதுதான்: எந்தப் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டாரோ, அந்தப் பிள்ளை நன்றாக வளர்ந்து பத்து வயதில் இருக்கிறான். அவன் ஏறட்டும். நீங்கள் அவனோடு ஏறுங்கள். அம்மா அலிபிரி அடிவாரத்தில், பாதால மண்டபத்தில் சேவித்துவிட்டு, முதல் சில படிகளைத் தன் காலால் ஏறி, மஞ்சள் குங்குமம் வைத்து உங்கள் இருவரையும் வழியனுப்பட்டும். அங்கே சுவாமியின் பாதுகைகளைத் தலையில் ஏந்தி வலம் வருவது வழக்கம், அதையும் அவர் செய்யலாம். அப்புறம் உங்கள் கணவரோடு பேருந்தில் மேலே போய், படிகள் முடியும் இடத்தில் காத்திருக்கட்டும். பேரன் வேர்த்து விறுவிறுத்துக் கடைசிப் படி ஏறி வருவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். இதை அம்மாவிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் மகனைச் சொல்லச் சொல்லுங்கள். "அம்மம்மா, உனக்காக நான் ஏறுறேன்" என்று அவன் கேட்டால் அந்தப் பிடிவாதம் கொஞ்சம் தளரும்.

பையனோடு ஏறுவதால் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுங்கள். 2023 ஆகஸ்டில் அலிபிரி பாதையில் சிறுத்தை தாக்கி ஒரு சிறுமி இறந்த பிறகு, பிற்பகலுக்கு மேல் சிறுவர்களை நடைபாதையில் அனுமதிப்பதில் தேவஸ்தானம் கட்டுப்பாடு வைத்தது. நேரமும் வயது வரம்பும் அவ்வப்போது மாறுகின்றன, புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் போங்கள், அவன் முன்னால் ஓட வேண்டாம். ஊரிலிருந்து இரவெல்லாம் வேனில் வந்து, தூங்காமல், அதே காலையில் ஏறத் தொடங்காதீர்கள். முந்தின நாளே திருப்பதி வந்து தங்கி, மறுநாள் ஏறி, அன்று முழுக்க மேலே ஓய்வெடுத்து, அதற்கு அடுத்த நாள் தரிசனம் என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் உடம்பு தாங்கும். இறங்கும்போது நடக்க வேண்டாம். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி அடி வாங்கும். பேருந்தில் இறங்குங்கள்.

சரி, இப்போது வரிசை. முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் படியைப் பற்றியே யோசிக்கிறார்கள். என் அனுபவத்தில் வயதானவர்களை அதிகம் படுத்துவது வரிசைதான். கூட்ட நாளில் இலவச தரிசனத்துக்கு ஒரு முழு நாள்கூட ஆகிவிடும். வைகுண்டம் காத்திருப்பு மண்டபத்தில் அறை அறையாக உட்கார வைப்பார்கள். உள்ளே சாப்பாடும் பாலும் தண்ணீரும் தருகிறார்கள், கழிப்பறையும் இருக்கிறது. ஆனாலும் நம் பெண்கள் செய்வது என்ன தெரியுமா? கழிப்பறை போக வேண்டியிருக்குமே என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஊருக்கு வந்த இரண்டாம் நாள் நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல் என்று என் முன்னால் உட்காருவார்கள். சர்க்கரையும் பிபியும் உள்ளவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினால் தலைசுற்றல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். அம்மாவைக் குடிக்க வையுங்கள், அரை மணிக்கு ஒருமுறை நாலு மடக்கு போதும். திருமலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள்.

அதனால் உங்களுக்கு 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்தைத்தான் சொல்வேன். நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பதால் எப்போது சாப்பிடுவது, எப்போது மாத்திரை போடுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க முடியும். வழக்கமாக மூன்று மாதத்துக்கு முன்னால், 24-ம் தேதி காலை 10 மணிக்குத் தேவஸ்தான இணையதளத்தில் திறப்பார்கள், சீக்கிரமே தீர்ந்துவிடும். ஆதார் அசல் கையில் இருக்க வேண்டும். 12 வயதுக்குக் கீழ் இருப்பதால் மகனுக்கு டிக்கெட் தேவையில்லை, ஆனால் வயதுக்கு அத்தாட்சியாக அவன் ஆதாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர்கள் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று தனி தரிசனமும் உண்டு. ஆனால் அதில் துணைக்கு யார் போகலாம் என்பதற்கு விதி இருக்கிறது. மகளைப் பிரிந்து அம்மா தனியாக நிற்பதைவிட, நால்வரும் ஒரே வரிசையில் போவது எனக்குச் சரியாகப் படுகிறது. சன்னதிக்கு முன்னால் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். அந்த இடத்தில் அம்மாவின் ஒரு கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் உங்கள் கணவர் வரட்டும். உள்ளே செல்பேசிக்கு அனுமதி இல்லை, பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

மருந்து விஷயத்தில் மூன்று சொல்கிறேன், மூன்றும் முக்கியம். அம்மா எடுக்கும் சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி ஏதாவது இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கும். அதனால் "சாப்பாடு கையில் வந்த பிறகுதான் மாத்திரை" என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம், வியர்வை, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுவது, பேச்சு குழறுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மேலே அஸ்வினி மருத்துவமனை இருக்கிறது, உடனே கொண்டுபோங்கள். இரண்டாவது, பிபிக்கு நீர் மாத்திரை இருந்தால் வரிசைக்குப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். நேரத்தை மாற்றலாமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். மூன்றாவது, முட்டிக்கென்று டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது. நடையும் வெயிலும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்த நாளில், சர்க்கரை, பிபி உள்ளவருக்கு அது சிறுநீரகத்தை நேராகப் பதம் பார்க்கும். தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும்.

இன்னொன்று. நடந்து ஏறுகிறவர்களின் மூட்டைகளை அலிபிரியிலேயே வாங்கிக்கொண்டு மேலே இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வசதி இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அம்மாவின் மருந்துப் பை தவறியும் அந்த மூட்டைக்குள் போய்விடக் கூடாது. அது எப்போதும் அவர் கூட இருப்பவர் தோளில்.

உங்கள் மாத்திரைக் கேள்விக்கு வருகிறேன். மாதவிலக்கைத் தள்ளிப்போடப் பொதுவாக நோரெத்திஸ்டிரோன் தருவார்கள், எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். ஆரோக்கியமாக உள்ளவர்கள் எப்போதாவது ஒருமுறை எடுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. ஒற்றைத் தலைவலி, உடல் பருமன் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார், மருந்துக்கடையில் கேட்டதும் தந்தார் என்று போட்டுக்கொள்ளாதீர்கள். டிக்கெட்டை மூன்று மாதம் முன்னால் எடுக்க வேண்டியிருப்பதால் தேதி கணக்குப் போட்டாலும் தவறலாம் என்பது உண்மைதான். கடந்த ஆறு மாதத் தேதிகளை எழுதிப் பார்த்து, சுழற்சியின் நடுப்பகுதி வரும் வாரமாகப் பதிவு செய்யுங்கள். அப்படிச் செய்தால் பெரும்பாலும் மாத்திரையே தேவைப்படாது.

மாதம்? பிப்ரவரியில், வார நடுவில் ஒரு நாள். வெயில் ஏறியிருக்காது, கோடை விடுமுறைக் கூட்டமும் வந்திருக்காது. மகனுக்கு இரண்டு மூன்று நாள் பள்ளி விடுப்பு வாங்குங்கள், பரவாயில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை போக வேண்டும் என்று அம்மா ஆசைப்படக்கூடும். பிரம்மோற்சவமும் பெரும்பாலும் அதையொட்டியே வரும், முதல்முறை போகிறவர்களுக்கு அந்தக் கூட்டம் வேண்டாம். வைகுண்ட ஏகாதசியும் அப்படியே. 2025 ஜனவரி 8-ம் தேதி அந்த ஏகாதசி டோக்கனுக்காகத் திருப்பதியில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். சேவிக்கப் போனவர்கள் அவர்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

மகனுக்கு முடி இறக்குவதாக இருந்தால் கல்யாணகட்டாவில் கட்டணம் கிடையாது. புது பிளேடு மாற்றுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அம்மா படியே ஏறாவிட்டாலும் கோயிலைச் சுற்றி வெறுங்காலோடு நிறைய நடக்க வேண்டியிருக்கும். மாட வீதிகளில் மதிய நேரம் கல் கொதிக்கும். விரித்திருக்கும் பாய்மீதும், வெள்ளைப் பூச்சு அடித்த கோட்டின்மீதும் நடக்கச் சொல்லுங்கள். வரிசைக்குள் நுழையும்வரை தடித்த பருத்தி சாக்ஸ் போட்டிருக்கட்டும், வெள்ளை நிறமாக இருந்தால் ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். ஒவ்வொரு நாள் இரவும் அறைக்குத் திரும்பியதும் அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து, காலைக் கழுவித் துடைத்து, செல்பேசி வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ இருந்தால் குத்தி உடைக்காமல், சுத்தமான துணியால் மூடி, மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். ஊர் திரும்பிய பிறகும் ஒரு வாரத்துக்கு இதைச் செய்யுங்கள். அந்த வேலையை உங்கள் மகனிடமே கொடுத்தாலும் சரிதான், பத்து வயதுப் பையனின் கண்ணுக்குச் சின்னக் கீறல்கூடத் தப்பாது.